வடசென்னையில் ஸ்டிரைக் ஏன் முன்போல் பலிப்பதில்லை

சென்னை மாநகராட்சியின் 6-வது மண்டலத்துக்குத் திரு.வி.க. நகர் என்று பெயர். 2025 ஆகஸ்ட் 1 முதல் அந்த மண்டலத்திலும், பக்கத்து ராயபுரம் மண்டலத்திலும் குப்பை அள்ளும் வேலை தனியார் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதுவரை பல ஆண்டுகளாகத் தற்காலிகப் பணியாளர்களாகவே ஓடிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகை எதிரே நடைபாதையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். வெயில், மழை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு 13 நாள் இருந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில், உயர் நீதிமன்ற உத்தரவைச் சொல்லி, போலீஸ் அவர்களைப் பேருந்துகளில் ஏற்றிக்கொண்டு போனது. தனியார்மயம் நிற்கவில்லை.

அந்த மண்டலத்தின் பெயரில் இருக்கும் திரு.வி. கலியாணசுந்தரனார், 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூரில் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் துணைத் தலைவர். பி.பி. வாடியா தலைவர். செல்வபதி செட்டியார், ராமாநுஜுலு நாயுடு என்ற இரண்டு உள்ளூர்க்காரர்கள் ஓடியாடாமல் அந்தச் சங்கம் பிறந்திருக்காது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அதுதான் என்று வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்நாடிக் துணி ஆலைகளின் தொழிலாளர்கள் முதலில் சொன்ன குறைகளில் ஒன்று, மதியச் சோறு சாப்பிட அரை மணி நேரம் போதவில்லை என்பது.

சங்கம் பிறந்த அதே வட்டாரத்தில், நூறு ஆண்டுக்குப் பிறகு, சங்கமும் இருந்து துணிச்சலும் இருந்து ஏன் தோற்றார்கள்? தலைவர்கள் விலைபோய்விட்டார்கள், இப்போதைய பிள்ளைகளுக்குப் போராட்ட உணர்வு இல்லை என்று பேசி முடித்துவிடுகிறவர்களை டீக்கடையில் தினமும் பார்க்கிறேன். எனக்கு அந்தப் பதில் ஒப்பவில்லை. ஆகஸ்ட் 1 காலையில் அந்தப் பெண்கள் வேலையை நிறுத்தவில்லை. வேலைதான் அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. குப்பையை அள்ள வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். நிறுத்துவதற்குக் கையில் வேலை இல்லாதவர் நடத்துவது ஸ்டிரைக் ஆகாது. அது வாசலில் நின்று நியாயம் கேட்பது. ஊர் மனசாட்சியை அது உலுக்கியது, உண்மை. ஆனால் மனசாட்சி உலுங்கினால் மட்டும் கான்ட்ராக்ட் ரத்தாகிவிடாது.

ஸ்டிரைக்கின் பலம் கோஷத்தில் இல்லை. நாம் கையைக் கட்டினால் எதிரே இருப்பவருக்கு வலிக்க வேண்டும், நம் இடத்தில் வேறு ஆளை வைத்து அவர் ஓட்டிவிடக் கூடாது, அடுப்பு எரியாத நாட்களை நாம் தாங்க வேண்டும். வடசென்னையில் இந்த மூன்றும் எப்படிக் கூடி வந்தன, எப்படிக் கலைந்தன என்பதுதான் விஷயம்.

ஆலையும் தெருவும்

நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவன். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கம்பெனிப் பெயர் இருந்தது. ஹார்பர் வீடு, லேலண்ட் வீடு, ரயில்வே வீடு. பெரம்பூரில் ஆலைகளும் ரயில்வே பட்டறைகளும் இருந்தன, 1955-ல் ரயில் பெட்டி ஆலையான ஐ.சி.எஃப். வந்தது. எண்ணூரில் இருந்தது 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ்; பிறகு அது அசோக் லேலண்ட் ஆனது. திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., விம்கோ தீப்பெட்டி. அறுபதுகளின் கடைசியில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. எல்லாவற்றுக்கும் தெற்கே துறைமுகம். சங்கு ஊதினால் மணி பார்க்க வேண்டியதில்லை.

ஒரே கேட் வழியாக ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே போய் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே முதலாளி, ஒரே சம்பளப் பட்டியல். வாயில் கூட்டத்தில் பேசியதை இரவு தெருவிலும் பேசினார்கள். கதவடைப்பு என்றால் சங்கம் கஞ்சித் தொட்டி திறக்கும். மளிகைக் கடைக்காரர் நோட்டில் எழுதிக்கொள்வார். செட்டில்மெண்ட் வந்ததும் அரியர்ஸில் கணக்குத் தீரும் என்று அவருக்குத் தெரியும். உண்மையான ஸ்டிரைக் நிதி அந்த நோட்டுதான். ஸ்டிரைக்கை மீறி உள்ளே போய் வேலை பார்த்தவனைக் கருங்காலி என்பார்கள். அந்தச் சொல்லோடு அதே தெருவில் குடியிருப்பது எளிதல்ல.

இதை நான் பொற்காலமாகக் காட்ட விரும்பவில்லை. தொடக்கத்திலேயே பெரிய விரிசல் ஒன்று விழுந்துவிட்டது. 1921-ல் பின்னி ஆலைகளில் நடந்த வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் அதில் நிற்கவில்லை. வேலை போனால் தாங்கும் வலு அவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவு; ஊரும் சேரியும் தனித்தனியாக இருந்த காலத்தில் 'நாம் எல்லோரும் ஒன்று' என்று சங்கம் சொன்னதை அவர்கள் அப்படியே நம்பக் காரணமும் இல்லை. ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. ஆகஸ்ட் 29-ல் பெரம்பூரில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. அக்டோபரில் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. நிர்வாகத்தின் கை ஓங்கியது என்பது ஒரு பாதிதான். கேட்டுக்கு உள்ளே இருந்த சாதிக் கோட்டைச் சங்கம் அழிக்கவில்லை என்பது மறுபாதி. அதைத் தொழிற்சங்க மேடைகளில் அதிகம் கேட்க முடிவதில்லை. எனக்கு அது வருத்தம்.

அதற்கு முன்பே நீதிமன்றத்திலும் அடி விழுந்திருந்தது. 1920 கதவடைப்பின்போது பின்னி நிறுவனம் வாடியா உள்ளிட்டவர்கள் மேல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடை உத்தரவு வாங்கியது. தொழிலாளர்களை வேலைக்குப் போகாமல் தூண்டுவது ஒப்பந்தத்தை மீறச் செய்யும் குற்றம் என்பது வாதம். கடைசியில் சமரசத்தின் பேரில் வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டியிருந்தது. சங்கம் வைத்ததற்கே வழக்கா என்ற கேள்வி டெல்லி சட்டசபை வரை போனது. தொழிலாளர் தலைவர் என்.எம். ஜோஷி கொண்டுவந்த தீர்மானத்தின் தொடர்ச்சியாக 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு பெற்ற சங்கம் ஸ்டிரைக் நடத்தினால் அதற்காகக் கூட்டுச் சதி வழக்கோ, நஷ்டஈட்டு வழக்கோ போட முடியாது என்ற பாதுகாப்பு இந்தியத் தொழிலாளிக்குக் கிடைக்க, பெரம்பூர் வழக்கு ஒரு பெரிய காரணம்.

அதற்குப் பிறகு அறுபது ஆண்டு சங்கங்கள் வளர்ந்தன. 1947-ல் பின்னி ஆலைகளில் இன்னொரு நீண்ட வேலைநிறுத்தத்தை நடத்திய எஸ்.சி.சி. அந்தோணிப் பிள்ளை, யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், 1957-ல் வடசென்னையின் மக்களவை உறுப்பினரானார். சங்கத் தலைவர் என்பதே தேர்தலில் ஒரு முகவரியாக இருந்த காலம் அது.

முதலாளி யார்?

பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை 1996-ல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் சினிமாப் படப்பிடிப்புகள் நடந்தன. இப்போது அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. விம்கோ தீப்பெட்டி ஆலை போய்விட்டது; 2021-ல் திறந்த மெட்ரோ நிலையத்தின் பெயரில் மட்டும் விம்கோ இருக்கிறது. என்ஃபீல்டு 2013-ல் ஒரகடத்தில் புதிய ஆலை திறந்து, உற்பத்தியின் பெரும்பகுதியை அந்தப் பக்கம் கொண்டுபோனது. 1991-க்குப் பிறகு வந்த பெரிய முதலீடு எதுவும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலைநகர் என்று போனது. அங்கே நிலம் இருந்தது, நெடுஞ்சாலை இருந்தது, வரிச் சலுகை இருந்தது. சங்கப் பழக்கம் இல்லாத இளம் தொழிலாளர்களும் இருந்தார்கள். இந்தக் கடைசிக் காரணம் எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்படுவதில்லை, ஆனால் மற்றவற்றைவிட இது லேசானது என்று நான் நினைக்கவில்லை.

வடக்கே எஞ்சி நிற்கும் ஆலைகளுக்குள் நடந்த மாற்றம் இதைவிடப் பெரியது. வெளியிலிருந்து பார்த்தால் அதே கேட், அதே மதில். உள்ளே போனால் நிரந்தரத் தொழிலாளி ஒரு பக்கம்; அப்ரண்டிஸ், டிரெய்னி, கான்ட்ராக்ட் லேபர் மறுபக்கம். கான்ட்ராக்ட் ஆட்களிலும் ஹவுஸ்கீப்பிங் ஒரு கான்ட்ராக்டர், லோடிங் ஒரு கான்ட்ராக்டர், கேன்டீன் இன்னொருவர். பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்யும் இரண்டு பேருக்குச் சட்டப்படி இரண்டு முதலாளிகள்.

1970-ன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், நிரந்தரத் தன்மையுள்ள வேலையில் ஒப்பந்த முறையை ஒழிக்கலாம் என்றது. ஒழித்தால் அந்தத் தொழிலாளர்கள் தானாக நிரந்தரமாகிவிடுவார்களா? ஆக மாட்டார்கள் என்று 2001 ஆகஸ்ட் 30-ல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கான்ட்ராக்ட் முறையே தப்பு என்று நிரூபித்தால் வேலையே போய்விடலாம் என்ற நிலை வந்தது. யார் வழக்குப் போடுவார்கள்?

தமிழ்நாட்டில் 1981-ல் வந்த நல்ல சட்டம் ஒன்று உண்டு. 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. வடசென்னையில் படிக்காத தொழிலாளிக்கும் '480 நாள்' தெரியும். அது நிர்வாகத்துக்கும் தெரியும் என்பதுதான் சிக்கல். நாள் நெருங்கும்போது ஒரு பிரேக் விழும், அல்லது கான்ட்ராக்டர் பெயர் மாறும், அல்லது 'டிரெய்னி' என்ற சொல் ஒட்டிக்கொள்ளும். என் சித்தப்பா மகன் மணலிப் பக்கம் ஒரு ஆலையில் ஒன்பது வருஷம் ஒரே வால்வைத் திறந்து மூடினான். அதற்குள் அவன் அடையாள அட்டையில் நான்கு கான்ட்ராக்டர் பெயர்கள் மாறிவிட்டன. அவன் ஸ்டிரைக் செய்தால் யாரிடம் போய்க் கேட்க வேண்டும்? கான்ட்ராக்டர், "கம்பெனி கொடுத்தால்தானே நான் கொடுப்பேன்" என்பார். கம்பெனி, "நீ எங்கள் ஆளே இல்லை" என்னும்.

இதில் சங்கங்களின் பங்கும் உண்டு. நிரந்தரத் தொழிலாளர்களின் எண்ணிக்கை ஒவ்வொரு ஓய்விலும், விருப்ப ஓய்வு என்ற ஒவ்வொரு வி.ஆர்.எஸ்.ஸிலும் குறைந்தபோது, அந்த இடங்களில் கான்ட்ராக்ட் ஆட்கள் நிரம்புவதைப் பல ஆலைகளில் சங்கங்கள் பார்த்துக்கொண்டே செட்டில்மெண்டில் கையெழுத்துப் போட்டன. உள்ளே இருப்பவர்களுக்கு நல்ல உயர்வு கிடைத்தது. அந்த உயர்வுக்கான பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கப்படவில்லை. மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு என்று ஒப்பந்தம் போட்டுப் போட்டு, ஒரு நாள் திரும்பிப் பார்த்தால் ஸ்டிரைக் அறிவித்தாலும் ஆலை ஓடும் என்ற நிலை. நிரந்தரத் தொழிலாளி கையைக் கட்டினாலும் மெஷின் பக்கம் நிற்பவர் கான்ட்ராக்ட் ஆள்தான். அவரைக் கருங்காலி என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. சங்கத்தில் சேர்க்கப்படாதவர் எந்தச் சங்கத்தை மீறினார்?

தெருவும் மாறிவிட்டது. இன்று மணலி, மீஞ்சூர், அத்திப்பட்டுப் பக்கம் கடினமான வேலைகளில் நிற்பவர்களில் ஏராளமானோர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட்காரர்கள். கான்ட்ராக்டர் எடுத்துக் கொடுத்த அறையில் பத்துப் பேராகத் தங்குகிறார்கள். வேலையைத் தருபவரே கூரையையும் தருகிறார். வேலையை விட்டால் அன்றிரவே படுக்க இடமில்லை. உள்ளூர்க்காரருக்கு வேறு கயிறு. மளிகை நோட்டுக்குப் பதில் இஎம்ஐ வந்துவிட்டது. பேங்க் செட்டில்மெண்ட் வரை காத்திருக்காது. போதாததற்கு, முன்னறிவிப்பு இல்லாமல் பத்துப் பேர் சேர்ந்து வராமல் போனால் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்கலாம் என்ற விதியும் பழைய சட்டத்திலிருந்து புதியதற்குப் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறது.

கட்சிச் சங்கங்களைப் பற்றி ஒரே ஒரு உதாரணம் போதும். 2024 ஜனவரி 9-ல் அரசுப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் அறிவித்தபோது மார்க்சிஸ்ட் கட்சி சார்ந்த சி.ஐ.டி.யு.வும் அ.தி.மு.க.வின் அண்ணா தொழிற்சங்கமும் இறங்கின, அப்போது ஆளுங்கட்சியாக இருந்த தி.மு.க.வின் தொ.மு.ச. இறங்கவில்லை. பேருந்துகள் பெருமளவு ஓடின. மறுநாளே உயர் நீதிமன்றம் தலையிட, ஸ்டிரைக் தள்ளிவைக்கப்பட்டது. ஆட்சி மாறினால் பேருந்தை எடுப்பவரும் நிறுத்துபவரும் இடம் மாறிக்கொள்கிறார்கள்.

சட்டத்துக்கு வருவோம். 2003-ல் ஜெயலலிதா அரசு, வேலைநிறுத்தம் செய்த சுமார் 1.7 லட்சம் அரசு ஊழியர்களை ஒரே அடியாக வேலைநீக்கம் செய்தது. அந்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மீக உரிமையோ இல்லை என்றது. ஆலைத் தொழிலாளிக்கு அந்த அளவு கதவு மூடவில்லை. 2020-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அதையும் நெருக்குகிறது.

முன்பு தண்ணீர், மின்சாரம் மாதிரியான பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும்தான் ஸ்டிரைக் நோட்டீஸ் கட்டாயம். இனி எல்லாத் தொழிற்சாலைக்கும் 14 நாள் நோட்டீஸ். நோட்டீஸ் கொடுத்ததும் சமரச அதிகாரி பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவார். அவர் முதல் கூட்டம் நடத்திய நாளிலிருந்து சமரசம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அது நடக்கும் வரையும், முடிந்து ஏழு நாள் வரையும் ஸ்டிரைக் சட்டவிரோதம். அங்கிருந்து விவகாரம் தீர்ப்பாயத்துக்குப் போனால் அந்த வழக்கு முடிந்து 60 நாள் வரை மறுபடியும் தடை. அதாவது, அந்த 14 நாளுக்குள் அதிகாரி ஒரு கூட்டம் கூட்டிவிட்டால் சட்டப்படியான ஸ்டிரைக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் கேஷுவல் லீவு எடுத்தாலும் அது ஸ்டிரைக்தான். மீறினால் தொழிலாளிக்கு 10 ஆயிரம் ரூபாய் வரையிலும், தூண்டியவருக்கு 50 ஆயிரம் வரையிலும் அபராதம். ஒரு மாதம் வரை சிறையும் உண்டு. 300 பேருக்குக் குறைவான ஆலையை மூட அரசிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை. முன்பு இந்த எல்லை 100.

பல சங்கங்கள் இருந்தால் 51 சதவீத ஆதரவு உள்ள சங்கமே பேச்சுவார்த்தைக்கு உரியது என்பதைக் கேட்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் எண்ணப்படுவது நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ளவர்கள். கான்ட்ராக்டரின் பதிவேட்டில் இருப்பவர் அந்த எண்ணிக்கையில் வருவதில்லை.

எங்கே இன்னும் பிடி இருக்கிறது

இத்தனைக்குப் பிறகும் ஸ்டிரைக் முடிந்த கதை என்று நான் சொல்லத் தயாராக இல்லை. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றியது. தொ.மு.ச. உட்பட எல்லாச் சங்கங்களும் எதிர்த்தன. மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். ஒரு நாள் கூட வேலை நிற்கவில்லை, நிற்கும் என்ற பயமே போதுமாக இருந்தது. 2024-ல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வெளியே நின்றார்கள். பணமும் கேட்டார்கள், ஆனால் முதலில் கேட்டது சங்கத்தைப் பதிவு செய்யச் சொல்லி. 2025 ஜனவரியில் பதிவு கிடைத்தது. சங்கப் பழக்கம் இல்லை என்று நம்பி ஆலை போன இடத்திலேயே அது நடந்தது.

துறைமுகத்துக்கு வாருங்கள். இந்தியாவின் பெரிய துறைமுகங்களின் தொழிலாளர்களுக்குச் சம்பள ஒப்பந்தம் 2021 டிசம்பரோடு முடிந்தது. இரண்டரை ஆண்டு இழுத்தடித்தார்கள். எல்லாச் சம்மேளனங்களும் சேர்ந்து 2024 ஆகஸ்ட் 28 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று அறிவித்தன. 27-ம் தேதி, அதாவது முந்தைய நாள், 8.5 சதவீத உயர்வோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடு முழுக்க இவர்கள் சுமார் 20 ஆயிரம் பேர்தான். ஒரு காலத்தில் சென்னைத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களோடு ஒப்பிட்டால் கையளவு. எண்ணிக்கை குறைந்தும் பலம் இருப்பதற்குக் காரணம், கப்பல் ஒரு நாள் நின்றால் அதன் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். அரசியல் வேறுபாட்டை ஒதுக்கிவிட்டு எல்லாச் சங்கமும் ஒரே நோட்டீஸில் கையெழுத்துப் போட்டதும் சேர்ந்துகொண்டது.

ஆனால் இங்கேயும் தரை நகர்கிறது. சென்னைத் துறைமுகத்தின் கன்டெய்னர் முனையங்கள் தனியாரிடம் இருக்கின்றன. வடக்கே எண்ணூர் காமராஜர் துறைமுகம் தொடக்கத்திலிருந்தே சரக்கு கையாளச் சொந்தத் தொழிலாளர் படை இல்லாமல் அமைந்தது. அதையும் தாண்டிக் காட்டுப்பள்ளி, 2018 முதல் அதானி கையில். ராயபுரத்தில் கிரேன் நின்றால் கப்பல் கொஞ்சம் வடக்கே போகலாம். அப்படியானால் பிடி எங்கே இருக்கிறது? இந்த மூன்று துறைமுகங்களுக்கும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலிச் சாலையிலும் வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர்களின் ஓட்டுநர்களிடம், கிடங்குகளில் கன்டெய்னரை நிரப்பிப் பிரிப்பவர்களிடம், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் நிலக்கரியும் சாம்பலும் கையாளும் கான்ட்ராக்ட் ஆட்களிடம். அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சங்கத்திலும் இல்லை. டிரெய்லர்கள் ஓடாத நாட்களைத் துறைமுகம் பார்த்திருக்கிறது, ஆனால் அவை பெரும்பாலும் வாடகைக்காக உரிமையாளர்கள் அறிவித்தவை. ஓட்டுநரின் படியும் தூக்கமும் அந்தக் கோரிக்கைப் பட்டியலில் வருவது அபூர்வம்.

வியாசர்பாடியில் சங்கம் என்றால் இன்று பலருக்கும் நினைவுக்கு வருவது நலவாரிய அட்டை. கட்டிடத் தொழிலாளிக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் மேசை. 2023 டிசம்பரில் உணவு டெலிவரி செய்யும் பிள்ளைகளுக்கும் ஒரு வாரியம் அமைந்தது. இது சங்க வேலையே இல்லை என்று பழைய தோழர்கள் சிலர் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். நான் அப்படி நினைக்கவில்லை. கேட்டும் சங்கும் இல்லாத தொழிலாளியைச் சங்கம் சந்திக்க அந்த மேசை ஒன்றுதான் மிச்சம். அங்கே வாங்கும் ஃபோன் நம்பர்கள் விண்ணப்பத்தோடு நின்றுவிடுகின்றனவா, வேறு எதற்காவது பயன்படுகின்றனவா என்பது அந்தச் சங்கத்தைப் பொறுத்தது.

துறைமுகச் சம்பள ஒப்பந்தம் 2026 டிசம்பர் 31-ல் முடிகிறது. அதற்குப் பிறகு ஒட்டப்படும் கோரிக்கை நோட்டீஸை, கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே நின்று நான் படிக்கப்போகிறேன். முதல் பக்கத்தில் இருக்கும் சதவீதத்தை அல்ல, கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் என்ற வரி எத்தனையாவது கோரிக்கையாக வருகிறது என்பதை.